பின்சக்கரம் போகும் வழி

பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போகும் பெண்ணை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. இதை நான் கண்டுபிடித்தது திருவொற்றியூரில், ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலை வேளையில்.

கையில் பழைய பெயின்ட் வாளி. அதில் பாதிக்கு வெள்ளைப் பொடி. துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். டிரெய்லர் வண்டிகள் மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் ஒடித்து யார்டுக்குள் நுழையும் இடத்தில், தார் தெரியாதபடி பொடியை வீசிக்கொண்டே போனேன். மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

வாட்ச்மேன் நாற்காலியில் இருந்தபடியே கார்ப்பரேஷனா என்று கேட்டார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது அவர் இஷ்டம். அப்படியே கால்வாய் ஓரமும் இரண்டு கை போட்டுவிட்டுப் போ, கொசு பிடுங்குகிறது என்றார். போட்டேன். மாநகராட்சிக்கு என்னால் ஆன சேவை இன்றுவரை அது ஒன்றுதான்.

பிறகு எதிர்ப்பக்கம் போய் டீக்கடை நிழலில் நின்றேன். போனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நாற்பதடி டிரெய்லர் வரட்டும் என்று காத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். நான் ஒரு தப்பு செய்திருந்தேன், பெரிய தப்பு. அதைத் திருத்த எனக்கு மிச்சமிருந்தது பத்து நாள்.

பேய் செய்கிறவள் அல்ல

கிராபிக்ஸ் வேலை என்று இந்தத் தொடரில் ஒருமுறை எழுதப்போய், எந்தப் படத்தில் வந்த பேய் என்னுடையது என்று ஒரு வாசகர் கடிதம் போட்டுக் கேட்டிருந்தார். ஐயா, நான் பேய் எதுவும் செய்ததில்லை. கல்யாண வீடியோவில் மணமக்கள் பெயர் மேல் விழும் ரோஜா இதழ் செய்திருக்கிறேன். 'எங்கள் கட்டடம் முடிந்ததும் இப்படி இருக்கும்' என்று கம்பெனிக்காரர்கள் காட்டுகிற படம் செய்திருக்கிறேன். இருக்கிற பொருளை நகர்த்துவதுதான் என் தொழில்.

அதைக் கற்றுக்கொண்டது தண்டையார்பேட்டையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். மின்விசிறி சுற்றினால் ஸ்பிரிட் வாடை அடிக்கும். முதல் பாடம் ஒரு பந்து. ஆரம்பத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், முடிவில் ஒரு புள்ளி. நடுவில் உள்ள அத்தனை இடத்தையும் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும். ஆனால் நேர்க்கோட்டில் நிரப்பும். பந்து செத்த பல்லி மாதிரி விறைப்பாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும்.

அந்தப் புள்ளியைத் தொட்டால் இரண்டு பக்கமும் மீசை மாதிரி கைப்பிடிகள் முளைக்கும். ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கோடு வளைந்தது. பந்து எழும்பி, வளைந்து, இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்று முழுக்க வேறு எதுவும் செய்யாமல் அந்த ஒரு பந்தையே வளைத்துக்கொண்டிருந்தேன்.

வண்ணாரப்பேட்டையில் ரஹ்மத் பாயின் சின்ன ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்யாண வீடியோவுக்குப் புறா விட்டேன். பாதை அழகாக வளைந்தது. புறா அதன்மேல் மெத்தென்று போனது. அனுப்பிய பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பா போன் செய்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, புறா மட்டும் ஏன் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பறக்கிறது என்று கேட்டார். பாதை கொடுத்தால் மட்டும் போதாது, பாதையில் எந்தப் பக்கம் பார்த்துப் போக வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் நான் எந்த வேலையை முடித்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, வால் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான்.

என் வீட்டுக்காரர் தேவாவும் ஒரு வளைவில் சிக்கியவர்தான், அல்லது நான்தான் சிக்கினேன். வியாசர்பாடியில் ஒரு கால்பந்துப் போட்டியின் வீடியோவை எடிட் செய்யக் கொடுத்தார்கள். அதில் ஓர் ஆள் கார்னரில் இருந்து அடித்த பந்து, யார் தலையிலும் படாமல், தானே வளைந்து கோலுக்குள் போனது. நான் அதை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைத்துப் பார்த்தேன். என் கைப்பிடிகளால் போட முடியாத வளைவு அது. இதை அடித்தது யார் என்று விசாரித்தேன். விசாரணை கல்யாணத்தில் முடிந்தது. இப்போது அவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். வேறு கம்பெனி வண்டி. முழங்கால் போன பிறகு பந்தை விட்டுவிட்டார்.

நா எங்க கீறேன்?

அந்த யார்டுக்காரர்களுக்கு ஒரு வாசல் போதவில்லை. எங்கள் தெருப் பக்கமாக இன்னொரு வாசல் திறக்க வேண்டும். தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு ஒரு படம் காட்டுவதாக ஏற்பாடு. படம் செய்யும் வேலை பாயிடம் வந்தது. பாயிடம் வந்தது என்னிடம் வந்தது.

மெயின் ரோட்டிலிருந்து டிரெய்லர் இடது பக்கம் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்து, புதிய வாசலில் நுழைய வேண்டும். திரும்பும் அந்த முனையில், பூவரச மர நிழலில், வரிசையாக ஏழு பெண்கள் மீன் விற்கிறார்கள். முனையில் முதல் இடம் பிலோமினா அக்காவுடையது. தேவாவின் கூடப்பிறந்த அக்கா. எனக்கு நாத்தனார் முறை, ஆனால் முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பஸ்ஸில் இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடம் அது. அந்த இடத்தில் உட்கார்ந்துதான் அவள் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள்.

யார்டு மேனேஜர் நல்ல மாதிரியான மனிதர். மீன்காரர்களை நகர்த்த வேண்டியதில்லை, வண்டி அவர்களைத் தொடாமல் திரும்பும், அதைப் படத்தில் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். படம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆட்கள் வேண்டாம் என்றும் சொன்னார். நான் தெருவைச் செய்தேன், மரத்தைச் செய்தேன், மீன் வரிசைக்கு ஏழு நீலப் பெட்டி வைத்தேன். முனையைச் சுற்றி அழகாக ஒரு வளைவு வரைந்தேன். இழுக்கிற தலையை அந்தப் பாதையில் ஏற்றினேன். பின்னால் வரும் நாற்பதடி உடம்பையும் அதே பாதையில், கொஞ்சம் பின்தங்கி, ஏற்றினேன். ஓடவிட்டேன். வெண்ணெயாகப் போனது. பெட்டிகளுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆட்டோ போகும் இடம் இருந்தது.

மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாய்க்கும் பிடித்தது. வால் பின்னால்தான் இருக்கிறது என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனில் காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"நம்ப மொனையா இது? சோக்கா கீதே," என்றாள். பிறகு போனைக் கண்ணருகில் கொண்டுபோனாள். "ஆமா, நா எங்க கீறேன்?"

நீலப் பெட்டியைக் காட்டினேன். அது மீன் பெட்டியாச்சே என்றாள். ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் அக்கா என்றேன். சரி என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் கேள்வியை நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மரவட்டை

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே தேவா அந்தப் படத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது தரம் பார்க்கும்போது சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னாமே இது, டிரெய்லரா மரவட்டையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த வேலை. என்ன குறை என்று கேட்டேன். மரவட்டைதான் தலை போன வழியிலேயே வாலும் போகும், டிரெய்லர் அப்படிப் போகாது என்றார். பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால்தான் அவர்கள் இடது பக்கம் திரும்புவதற்கு முன்னால் வண்டியை வலது பக்கம் விரித்து எடுப்பது. ரோட்டில் பார்க்கிறவர்கள் டிரைவருக்குத் திரும்பத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் நம்பவில்லை. மனிதர் கையைக் கழுவிவிட்டு, பீரோ மேலிருந்து சக்கரம் வைத்த டிராலிப் பெட்டியை இறக்கினார். அதை இழுத்துக்கொண்டு ஹாலில் இருந்து படுக்கையறைக்குள் திரும்பினார். அவர் நிலைக்கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டார். பெட்டி நிலையில் போய் இடித்து நின்றது.

"நா மோதலல்ல? பொட்டி மோதிச்சு. இப்ப அந்த நெலையாண்ட யாரு குந்தினு கீறாங்கன்னு யோசி."

இடித்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், டிரெய்லர் ஓட்டுகிறவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், தினமும் அந்த ரோட்டில் நூறு டிரெய்லரைப் பார்க்கிறேன். பின்சக்கரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணுக்கு அழகாக இருந்ததை உண்மை என்று எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத் தெருக்காரர்கள் சரி சொல்லிவிட்டால், வாசல் திறந்த முதல் நாளே நாற்பதடி வண்டியின் பின்சக்கரம் அக்காவின் மடியில் வந்து நிற்கும்.

கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்றே போய் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே கேட்டாள். துண்டுகளைப் பையில் போட்டு ஆளை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தெரியாம பண்ட்ட. தெரிஞ்சப்பறம் இன்னா பண்ணப்போற, அத்த சொல்லு."

சரியாகச் செய்யப்போகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று எனக்கே தெரியாது என்பது உறைத்தது. அவள் பக்கத்தில் இருந்த வாளியைப் பார்த்தேன். மீன் தண்ணீர் நாறாமல் இருக்க, சாயங்காலம் தூவுவதற்கு அவள் வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர்.

இரண்டு கோடு

இப்படித்தான் நான் பழைய வாசலில் வாளியோடு நின்றேன். புதிய வாசலில் இன்னும் தகரம் அடித்து மூடியிருந்தது. பழைய வாசலிலும் அதே இடது பக்கத் திருப்பம்தான், இடம்தான் தாராளம்.

டீ ஆறிப்போன பிறகு ஒரு நாற்பதடி வந்தது. மெயின் ரோட்டில் வலது பக்கம் விரித்து, மூச்சு வாங்கி, இடது பக்கம் ஒடித்தது. முன்சக்கரம் வெள்ளையில் ஏறி ஒரு பெரிய வளைவாகப் போனது. பின்சக்கரம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது வேறொரு வளைவில், உள்பக்கமாக, சுவரை உரசுகிற மாதிரி போனது.

வண்டி உள்ளே போனதும் ஓடிப்போய் நின்று பார்த்தேன். தரையில் இரண்டு கறுப்புக் கோடு. தொடக்கத்தில் ஒன்றாக இருந்து, நடுவில் பிரிந்து, கடைசியில் மறுபடி சேர்ந்தது. பிரிந்த இடத்தில் குறுக்கே படுத்தால் நான் முழுசாக அடங்கி, கையை நீட்டினாலும் இடம் இருக்கும். வாட்ச்மேன் பார்க்கிறார் என்பதால் படுக்கவில்லை, துப்பட்டாவால் அளந்தேன். எட்டு வண்டிகளைப் படம் எடுத்தேன். எல்லாம் அதே கதைதான்.

வரையக் கூடாத பாதை

ஸ்டூடியோவுக்கு வந்து, இரண்டாவது பாதையை நானே வரைந்தேன். முன்னதற்கு ஒரு வளைவு, பின்னதற்கு ஒரு வளைவு. ஓடவிட்டால் வண்டி நடுவில் ரப்பராக நீண்டது, பிறகு சுருங்கியது. கைப்பிடியை எப்படி இழுத்தாலும் ஓர் இடத்தில் சரியானால் இன்னோர் இடத்தில் கெட்டது. இரண்டு நாள் அதிலேயே போயிற்று.

தேவாவிடம் அலுத்துக்கொண்டேன். பின்சக்கரத்துக்குப் பாதை எப்படி வரைவது என்றே தெரியவில்லை என்றேன். அவருக்கு நான் கேட்பது புரியவில்லை. பின்சக்கரத்தை யாரும் ஓட்டுவதில்லையே, முன்னால் இழுக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு அது பாட்டுக்கு வரும் என்றார்.

அப்போதுதான் விளங்கியது. நான் தலைக்கு மட்டும்தான் பாதை வரைய வேண்டும். உடம்பின் முன்முனையைத் தலையோடு மாட்டிவிட வேண்டும். பின்சக்கரத்தை ஒவ்வொரு சட்டத்திலும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும், அந்த மாட்டிய இடத்தைப் பார்த்துத் திருப்பி, அந்தத் திசையில் ஒரு பொட்டு முன்னால் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். அதன் பாதையை நான் தீர்மானிக்கக் கூடாது. எங்கே போகிறதோ போகட்டும் என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

அதைத் தானாகச் செய்யும் வசதி அந்த மென்பொருளில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, தேடிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. கையாலேயே செய்தேன். ஒரு நொடிக்கு இருபத்தைந்து சட்டம். திருப்பு, நகர்த்து, திருப்பு, நகர்த்து. பாய் கொடுத்த வழக்கமான வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இதில் உட்காருவேன். மணிக்கட்டு வீங்கியது, துணி சுற்றிக்கொண்டேன். பாதியில் ஓர் இடத்தில் தப்பாகத் திருப்பிவிட்டு நூறு சட்டத்துக்கு மேல் அழித்து மறுபடி செய்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே செய்தேன்.

முடித்துப் பின்சக்கரத்தின் தடத்தைத் தரையில் தெரியவிட்டபோது, போனில் எடுத்திருந்த கறுப்புக் கோடுகளோடு பொருந்தியது. பிறகு அதே வண்டியை எங்கள் முனையில் திருப்பினேன். மெயின் ரோட்டின் நடுவே கல் வைத்துத் தடுத்திருப்பதால் வலது பக்கம் முழுசாக விரிக்க முடியாது. எப்படி எடுத்தாலும் பின்சக்கரம் முதல் மூன்று நீலப் பெட்டிகளின் மேல் ஏறித்தான் போனது.

பாயிடம் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். வால் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"படம் புடிச்சிருக்குன்னு சொன்ன ஆளுகிட்ட நானே போயி அது தப்புன்னு சொல்லணும். அப்படித்தானம்மா?"

ஆமாம் பாய் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆனால் அனுப்பினார். அதை நான் மறக்கக் கூடாது. முதலில் அனுப்பியதே நன்றாக இருக்கிறது, அதையே கூட்டத்தில் போட்டுக்கொள்கிறோம் என்று மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. பாய் அதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு, தான் கூட்டத்துக்கு வரப்போவதில்லை என்றும், நான் போவதைத் தடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார். அந்த யார்டு வேலை அத்தோடு கையை விட்டுப் போனதையும், பாய் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டாவது நாள் யாரோ புதியவரிடம் போனில், எங்கள் ஆள் நேரில் போய்ப் பார்க்காமல் படம் போடாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

சமுதாயக் கூடம்

ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்த நேரம். கூடம் நிறைந்துவிட்டது. மீன்காரர்கள் ஏழு பேரும் வரிசை கலையாமல் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓடியது. என் மரவட்டை வெண்ணெயாகத் திரும்பியது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

மேனேஜர் பேசினார். எல்லாம் கம்ப்யூட்டரில் துல்லியமாகக் கணக்கிட்டது, ஒரு பெட்டியைக்கூட வண்டி தொடாது, கம்ப்யூட்டரே சொல்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரை நம்ப வைத்ததே என் படம்தான். நான் எழுந்து நின்றேன்.

"கம்ப்யூட்டர் சொல்லல சார். நான்தான் சொன்னேன். தப்பா சொன்னேன்."

இந்தப் படத்தைச் செய்தது நான், இதில் பின்சக்கரம் தப்பு என்று சொல்லி, லேப்டாப்பை மேஜைமேல் வைத்து இரண்டாவது படத்தை ஓட்டினேன். மேனேஜருக்கு முகம் சிவந்தது. என் வீட்டுக்காரர் டிரைவர், நாத்தனார் அங்கே மீன் விற்கிறவர், அதனால் கதை கட்டுகிறேன் என்றார். அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை, நான்தான் ஒரு படத்துக்கு இரண்டு படம் செய்து வைத்திருக்கிறேன். எதை நம்புவது என்று ஜனங்களும் முணுமுணுத்தார்கள்.

தேவா எழுந்து, முனை நாலு எட்டுதான், ஒரு வண்டியை வரச் சொல்லுங்கள், நேரிலேயே பார்த்துவிடலாம் என்றார். ஓட்டுகிறவரும் உங்கள் ஆளாகவே இருக்கட்டும் என்றார். மேனேஜர் தயங்கவே இல்லை. உடனே போன் செய்தார். என் முதல் படத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு தட்டு

மீன்காரர்கள் ஏழு பேரும் தங்கள் தங்கள் இடத்தில் காலி நீலப் பெட்டியை வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் வந்து நின்றார்கள். கூடமே தெருவில் நின்றது.

யார்டிலேயே நல்ல கை என்று பெயரெடுத்த டிரைவர் வந்தார். தலை நரைத்தவர், பதறாதவர். கிளீனர் இறங்கிப் பின்பக்கம் போனார். எங்கள் பக்கத்தில் கிளீனர் வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். கண்ணாடியை நம்பாத டிரைவர் உண்டு, தட்டை நம்பாத டிரைவர் கிடையாது.

வண்டி வலது பக்கம் விரிந்தது. நடுக்கல்லில் முன்சக்கரம் உரசும் வரைக்கும் எடுத்தார். அதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. பிறகு ஒடித்தார். தலை எங்கள் தெருவுக்குள் அழகாக வந்தது. பெட்டிகளுக்கும் தலைக்கும் நடுவே ஒரு ஆட்டோ போகிற இடம். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. பின்சக்கரம் முனைக்கு வந்தது, நடைபாதை விளிம்பில் ஏறியது, முதல் பெட்டியின் மேல் சாய்ந்தது. பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் கேட்டது. கிளீனர் ஒரு தட்டு தட்டினார். வண்டி நின்றது.

மேனேஜர் அந்தப் பெட்டியருகே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, காலிப் பெட்டிதானே, இன்னும் கொஞ்சம் வலது பக்கம் எடுத்தால் போய்விடும், எடுங்கள் என்றார். டிரைவர் ஜன்னலில் இருந்து நடுக்கல்லைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். வேலைக்கு இருக்கிறவர், என்ன செய்வார். கையை ஸ்டீயரிங்கில் வைத்தார்.

பிலோமினா அக்கா தெருவைக் கடந்து போனாள். அவசரப்படவில்லை. உடைந்த பெட்டியை இழுத்து ஓரமாகப் போட்டாள். மரத்தில் சாத்தியிருந்த தன் பலகையை எடுத்து, தினமும் போடுகிற அதே இடத்தில் போட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். டயர் அவள் தோளுக்குப் பக்கத்தில், அவள் உயரத்துக்கு இருந்தது.

"சார், இப்போ நா எங்க கீறேன்னு தெரியுதா?"

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். கிளீனரும் வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். மேனேஜர் அதற்கு மேல் யாரையும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. தேவா டிரைவரை மறுபடி ஏறச் சொல்லி, பின்சக்கரம் அக்காவிடமிருந்து விலகும் வரை தானே பக்கத்தில் நின்று, தட்டித் தட்டி அந்த வண்டியைப் பின்னால் எடுக்க வைத்தார். புதிய வாசல் பிறகு வடக்குப் பக்கம், வீடுகள் இல்லாத இடத்தில் திறந்தது.

கேள்வி அவள் மேனேஜரிடம் கேட்டதுதான். எனக்கும் சேர்த்து விழுந்தது. என் முதல் படத்தில் அவள் இல்லை. மணிக்கட்டு வீங்கச் செய்த இரண்டாவது படத்திலும், அவளுக்காகவே செய்த படத்திலும், அவள் இல்லை. அங்கேயும் ஏழு நீலப் பெட்டிதான் வைத்திருந்தேன். அவள் முதல் நாளே கேட்டாள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்குப் போனதும் அந்தப் படத்தைத் திறந்தேன். யாரும் கேட்காத வேலை, யாருக்கும் அனுப்பப் போவதில்லை. பலகையைச் செய்தேன், குடையைச் செய்தேன், அரிவாள்மனையைச் செய்தேன். பிறகு அக்காவைச் செய்து, பூவரச மரத்தடியில் முதல் இடத்தில் உட்கார வைத்தேன். மற்ற ஆறு பேரையும் வரிசையாக வைத்தேன். வண்டிக்குப் பாதை இருக்கிறது, மரத்தின் இலைக்குக்கூட அசைவு கொடுத்திருக்கிறேன். அவர்கள் ஏழு பேருக்கு மட்டும் பாதை எதுவும் வரையவில்லை. அவர்கள் அங்கேயிருந்து நகரப்போவதில்லை.